பப்பாளியின் சுணைபிடித்த சொந்தம்

பப்பாளி மரத்தைத் தொட யாரும் யோசிப்பதில்லை. முள் கிடையாது, சுணை கிடையாது. காம்பை ஒடித்தால் கையில் பிசுபிசுக்கும் பால்தான் ஒரே தொல்லை. இந்தச் சாதுவான மரத்துக்கு உலகில் மிக நெருங்கிய சொந்தம் என்று சொல்லத்தக்கவை நான்கே நான்கு சிற்றினங்கள். அவற்றில் ஒன்றைத் தொட்டால் காஞ்சொறி பட்ட மாதிரி எரியும். மெக்சிகோவின் தென்பகுதியில், ஒவாஹாகா மாநிலத்து மலைகளில், எந்நேரமும் மேகம் அடைந்து கிடக்கும் காட்டுக்குள் வளரும் சிறு மரம் அது. ஹொரோவிட்சியா நிடோஸ்கோலாய்டெஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். இந்தப் பேரினத்தில் வேறு சிற்றினமே இல்லை.

பப்பாளி உலகம் முழுக்கப் பயிராகும் பழம். 2008-லேயே அதன் மரபணுத்தொகுதியின் வரைவை வெளியிட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட பயிரின் நெருங்கிய உறவுக்கு 1988 வரை அறிவியல் பெயர்கூட இல்லாமல் இருந்தது. பெயர் வைத்த பிறகும் அது பப்பாளிக்கு எவ்வளவு நெருக்கம் என்று புரிய இன்னும் 24 ஆண்டுகள் பிடித்தன. காரணம் எளிது. சொந்தத்தைத் தேடியவர்கள் பழத்தைப் பார்த்துத் தேடினார்கள். பழம் பப்பாளியைப் போலிருந்த மரங்கள் எல்லாம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் இருந்தன. ஆகவே கவனமும் பணமும் அங்கேயே போயின.

ஹொரோவிட்சியாவை முதலில் விவரித்தவர்கள் டேவிட் லோரன்ஸ், ரஃபேல் டோரஸ் கோலின் ஆகிய இரு தாவரவியலாளர்கள். செடியைப் பார்த்த மாத்திரத்தில் பப்பாளி நினைவுக்கு வராது. ஆமணக்குக் குடும்பத்தில் நிடோஸ்கோலஸ் என்றொரு பேரினம் உண்டு. மெக்சிகோ மக்கள் 'மாலா முஹேர்' (கெட்ட பெண்) என்று பெயரிட்டு ஒதுங்கிப்போகும் சுணைச் செடிகள் அதைச் சேர்ந்தவை. புதிய மரம் அதன் சாயலில் இருந்ததால் சிற்றினப் பெயரையும் அப்படியே வைத்தார்கள். மெலிந்த, உள்ளே பஞ்சாக இருக்கும் தண்டு, மேலெல்லாம் சுணை. பூவைப் பிரித்துப் பார்த்தால்தான் இது எந்தக் குடும்பம் என்பது தெரியவரும்.

அந்தப் பூவிலும் ஒரு வேறுபாடு இருந்தது. பப்பாளியின் பெண் பூவில் சூல்முடி ஐந்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் விசிறிபோல் கிழிந்து விரிந்திருக்கும். இதில் சூல்முடி பிரியாமல் ஒன்றாகவே இருக்கிறது. பப்பாளியின் பேரினமான காரிகாவுக்குள் ஹோலோஸ்டிக்மா என்று தனிப் பிரிவு ஒன்றை உண்டாக்கி அதில் இதை வைத்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 1993-இல், வெனிசுவேலாவின் மாரகாய் நகரில் வாழ்நாளெல்லாம் பப்பாளிக் குடும்பத்தையே ஆராய்ந்த விக்டர் மானுவேல் பாடில்லோ இதைக் காரிகாவிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பேரினமாக்கினார். சாலமோன் ஹொரோவிட்ஸ் என்ற பயிர் மரபியலாளரின் பெயரை அதற்குச் சூட்டினார். பப்பாளியை அதன் சொந்தங்களுடன் கலக்கச் செய்யும் முயற்சிகளைப் பற்றி 1967-இல் எழுதியவர் ஹொரோவிட்ஸ். அவர் பெயரைத் தாங்கிய செடியே பப்பாளிக்கு மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று என்பது பின்னால் தெரியவந்ததை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பப்பாளிக் குடும்பத்தில் ஆறு பேரினங்கள், மொத்தம் 34 சிற்றினங்கள். உடம்பில் ஆயுதம் வைத்திருப்பவை வேறு சிலவும் இதில் உண்டு. ஆப்பிரிக்காவில் வாழும் சிலிக்கோமார்ஃபா ஓங்கி வளரும் பெருமரம். அதன் தண்டில் கூம்பு முள் இருக்கும். அமெரிக்கக் கண்டத்து ஜக்கராட்டியா மரங்களிலும் முள் உண்டு. சுணை மட்டும் ஹொரோவிட்சியாவுக்கே உரியது.

முள்ளும் சுணையும் ஒன்றல்ல. முள் குத்தும், அதோடு அதன் வேலை முடிந்தது. சுணை குத்திய இடத்தில் உள்ளே எதையாவது இறக்கிவிட்டுப் போகும். அதன் அமைப்பைக் கிட்டே பார்க்கலாம். நன்றாக ஆராயப்பட்டது காஞ்சொறிக் குடும்பம் (அர்ட்டிகேசி) என்பதால் விவரங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே கிடைக்கின்றன. ஒரு சுணைமயிர் என்பது ஒரே ஒரு செல். நீளம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர். அடிப்பகுதி பருத்து, நஞ்சு நிறைந்த பையாக இருக்கும். சுற்றிலும் சாதாரண செல்கள் திரண்டு மேடாக எழும்பி அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே போகப்போக மயிர் கூர்ந்துகொண்டே போய், நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குமிழாக முடியும். குமிழுக்குச் சற்றுக் கீழே சுவர் வேண்டுமென்றே மெலிந்திருக்கும். தோல் லேசாகப் பட்டாலே அந்த இடத்தில் குமிழ் ஒடியும். ஒடிவது நேராக அல்ல, சாய்வாக. மருத்துவர் கையில் இருக்கும் ஊசியின் முனை எப்படிச் சாய்வாகச் சீவப்பட்டிருக்குமோ அதே வடிவம். சாய்ந்த முனை தோலுக்குள் இறங்க, அடியில் உள்ள பை நசுங்கி உள்ளிருப்பதை மேலே தள்ளும்.

1665-லேயே ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் காஞ்சொறிச் சுணையைப் பார்த்து, உள்ளே திரவம் நகர்வதைக் கவனித்திருக்கிறார். நுனி எப்படி, ஏன் அங்கே ஒடிகிறது என்பதைத் தெளிவாக விளக்கியவர் காட்லீப் ஹாபர்லாண்ட். ஆண்டு 1886.

ஒடிய வேண்டும் என்றால் முதலில் விறைப்பாக இருக்க வேண்டும். செடியின் செல்சுவர் வளைந்து கொடுக்கும் பொருள். அதை விறைக்க வைப்பவை கனிமங்கள். காஞ்சொறியின் சுணை நுனியில் சிலிக்கா, கீழே சுண்ணாம்பு. ஆண்டிஸ் மலைகளின் லோவாசா குடும்பத்துச் செடிகளில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகக் குழு 2016-இல் ஒன்றைக் கண்டறிந்தது. அங்கே சுணை நுனியில் இருப்பது கால்சியம் பாஸ்பேட் வகையைச் சேர்ந்த அபடைட். நம் பல்லை உறுதியாக்கும் கனிமமும் அதுதான். விலங்கின் வாயில் புல்லை அரைப்பதற்காக உண்டான அதே பொருளைச் செடி தன்னை மெல்ல வரும் வாய்க்கு எதிராகப் பயன்படுத்துகிறது.

எரிச்சலுக்குக் காரணமான வேதிப்பொருளைத் தேடியதும் ஒரு நீண்ட கதை. எறும்பின் ஃபார்மிக் அமிலம்தான் காஞ்சொறியிலும் இருக்கிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1947-இல் எம்மெலின், ஃபெல்ட்பெர்க் என்ற இருவர் சுணைச் சாற்றில் ஹிஸ்டமினையும் அசிட்டைல்கோலினையும் கண்டுபிடித்தனர். ஒவ்வாமை வந்து தோல் தடிக்கும்போது நம் உடம்பே சுரக்கும் பொருள் ஹிஸ்டமின். அசிட்டைல்கோலின் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்துவது. பிற்பாடு செரட்டோனினும் இருப்பது தெரிந்தது. 2020-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் ஆஸ்திரேலியாவின் கிம்பி-கிம்பி மரத்திலிருந்து ஒரு புதிய புரத வகையைப் பிரித்தெடுத்தார்கள். அதன் மடிப்பு சிலந்தி நஞ்சிலும் கூம்பு நத்தையின் நஞ்சிலும் உள்ள புரதங்களை ஒத்திருந்தது. அந்த மரத்தைத் தொட்டவருக்கு வலி நாள்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பது ஏன் என்பதற்கு அதில் விடை இருந்தது.

பூக்கும் தாவரங்களில் இப்படிப்பட்ட உண்மையான சுணைமயிர் ஐந்து குடும்பங்களில்தான் அறியப்பட்டிருக்கிறது: காஞ்சொறிக் குடும்பம், ஆமணக்குக் குடும்பம், லோவாசா குடும்பம், விகாண்டியாவை உள்ளடக்கிய நாமா குடும்பம், ஐந்தாவதாகப் பப்பாளிக் குடும்பம். ஐந்தும் ஐந்து வெவ்வேறு வரிசைகளைச் சேர்ந்தவை. வரிசை என்பது பல குடும்பங்களைச் சேர்த்த பெரும் பிரிவு. காஞ்சொறி ரோஜாவின் வரிசை. லோவாசா ஹைட்ரேஞ்சியாவின் வரிசை. பப்பாளியோ கடுகின் வரிசை. அதிலும் அதற்கு மிக நெருங்கிய குடும்பம் முருங்கை. ஒரு மூதாதையிடமிருந்து எல்லோருக்கும் வந்த சொத்து அல்ல இது. தனித்தனியே, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், அதே கருவி திரும்பத் திரும்ப உருவாகியிருக்கிறது. பப்பாளிக் குடும்பத்தின் கணக்கில் அது ஒரே ஒரு சிற்றினத்தில், ஒரே ஒரு மலைப்பகுதியில் நடந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்குச் சுணை தேவைப்பட்டிருக்கவே கூடாது என்றுதான் எனக்குத் தோன்றும். ஏற்கெனவே இரண்டு அரண்கள் உண்டு. ஒன்று பால். பூச்சி கடித்தால் கொட்டி, உறைந்து, வாயை அடைத்துவிடும். அதில் உள்ள பப்பாயின் புரதத்தை அரித்துத் தின்னும் நொதி. இரண்டாவது, கடுகு வரிசைக்கே உரிய காரம். பப்பாளி விதையை மென்றால் நாக்கில் சுரீரென்று ஏறுவது அதுதான். பூச்சிகளைச் சமாளிக்க இவை போதும். சுணையால் பூச்சிக்குப் பெரிய இடைஞ்சலும் இல்லை. அட்மிரல் வகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் காஞ்சொறி இலையிலேயே பிறந்து, அதையே தின்று வளர்கின்றன. மென்மையான மூக்கும் உதடும் உள்ள விலங்குகளிடம்தான் சுணையின் வித்தை பலிக்கும். ஆகவே ஹொரோவிட்சியாவின் முன்னோர்களை ஏதோவொரு பாலூட்டி விடாமல் மேய்ந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

சரி, இது பப்பாளிக்கு நெருங்கிய சொந்தம் என்று எப்படித் தெரிந்தது?

2012-இல் ஃபெர்னாண்டா அன்ட்யூனஸ் கார்வால்யோ, சூசன் ரென்னர் இருவரும் குடும்பத்தின் சிற்றினங்களை டி.என்.ஏ. கொண்டு ஒப்பிட்டு, ஒரு வம்சாவளி மரத்தைக் காலக்கணக்கோடு வரைந்தார்கள். கதை ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தக் குடும்பம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மத்திய அமெரிக்காவை அடைந்தது. ஆற்று முகத்துவாரத்தில் பெயர்ந்து, நீரோட்டத்தில் மிதந்துபோன செடித் திட்டுகளோடு வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அங்கிருந்து ஒரு கிளை தெற்கே இறங்கித் தென் அமெரிக்காவில் பரவியது. ஜக்கராட்டியாவும், மலைப்பப்பாளிகள் எனப்படும் வாஸ்கொன்செல்லியாவும் அந்தக் கிளை. மற்றொரு கிளை மெக்சிகோ, குவாத்தமாலா பக்கமே தங்கிவிட்டது. பப்பாளி அந்தக் கிளையைச் சேர்ந்தது. அதோடு கூடப் பிறந்தவை ஜரில்லா பேரினத்தின் மூன்று சிற்றினங்களும் ஹொரோவிட்சியாவும்தான். பப்பாளி இவற்றிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

ஜரில்லாவைப் பார்த்தாலும் யாரும் பப்பாளி என்று சொல்லமாட்டார்கள். அவை சிறு செடிகள். மண்ணுக்குள் கிழங்கு வைத்து, வறட்சியில் மேலே காய்ந்துபோய், மழைக்குத் திரும்ப முளைக்கும். ஆக, நெருங்கிய சொந்தம் நான்கில் மூன்று கிழங்குச் செடி, ஒன்று சுணை மரம். ஆண்டிஸில் பருத்த, மஞ்சள் பழங்களோடு பப்பாளியின் மறுபிரதியாக நின்ற மரங்கள் தூரத்துச் சொந்தம். சாயலை நம்பினால் இப்படித்தான் ஆகும்.

இதன் விலை சிறியதல்ல. பப்பாளிக்குப் பெரிய எதிரி ரிங்ஸ்பாட் வைரஸ். அசுவினிப் பூச்சி பரப்பும் இந்த நோய் இலையைச் சுருக்கும், பழத்தில் வளையம் வளையமாகப் புள்ளி போடும், கடைசியில் தோட்டத்தையே காலி செய்யும். ஹவாயில் பப்பாளி அதிகம் விளைந்த பூனா பகுதிக்கு 1992-இல் அது வந்து சேர்ந்தது. டென்னிஸ் கொன்சால்வெஸ் குழுவினர் மரபணு மாற்றத்தால் உருவாக்கிய சன்அப், ரெயின்போ ரகங்கள் 1998-இல் விவசாயிகள் கைக்குப் போயிராவிட்டால் அங்கே பப்பாளித் தொழில் பிழைத்திருக்காது. மரபணு மாற்றம் வேண்டாம் என்றால் எதிர்ப்புத்திறன் உள்ள காட்டு உறவோடு கலப்பு செய்வதுதான் வழி. பல பதிற்றாண்டுகளாக அந்த வழியில் போனவர்கள் வாஸ்கொன்செல்லியாவோடு கலந்து பார்த்தார்கள். கரு உருவானாலும் தாயிலேயே செத்துவிடும். சோதனைக் குழாயில் எடுத்து வளர்த்தால் மலட்டுச் செடி வரும். விடாப்பிடியாகப் பின்கலப்பு செய்து, அதாவது கலப்பினத்தை மறுபடி மறுபடி பப்பாளியோடே கலந்து, வாஸ்கொன்செல்லியா குவெர்சிஃபோலியாவிலிருந்து எதிர்ப்புத்திறனைப் பப்பாளிக்குள் கொண்டுவந்தவர்கள் உண்டு. அத்தனை சிரமம் ஏன் என்பதற்கு 2012-இன் வம்சாவளி மரம் காரணம் சொல்லிவிட்டது. இவை ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

வாஸ்கொன்செல்லியாவில் தேடியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். எதிர்ப்புத்திறன் அங்கே இருந்தது உண்மை. எல்லாமே காரிகா என்ற ஒரே பேரினம் என்று நினைத்திருந்த காலம் அது. பாடில்லோ வாஸ்கொன்செல்லியாவை மறுபடி தனியாகப் பிரித்து நிறுத்தியது 2000-இல்தான். தவறு வேறிடத்தில் இருக்கிறது. பணம் தரும் பழத்தின் உறவைத் தேடும்போது, பழமாகத் தின்ன முடியாதவற்றைத் தாவர மாதிரிக் கூடங்களில் காய்ந்த தாள்களாகவே விட்டுவைத்தார்கள்.

ஹொரோவிட்சியாவோடு கலந்தால் எல்லாம் சுலபமாகிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2016-இல் வெளியான குரோமோசோம் ஆய்வு ஒன்று ஆச்சரியமான எண்களைத் தந்தது. பப்பாளிக் குடும்பத்தில் எல்லோருக்கும் 18 குரோமோசோம்கள் என்பது பாடப்புத்தக நம்பிக்கை. ஆப்பிரிக்கச் சொந்தத்துக்கும் 18 தான். ஆனால் ஹொரோவிட்சியாவுக்கு 16, ஜரில்லாவுக்கு 14. அதாவது பப்பாளியிலிருந்து பிரிந்த பிறகு, இந்தக் கிளையின் பொது மூதாதையில் ஒரு இணை குறைந்தது. பிறகு ஜரில்லாவில் இன்னொன்று குறைந்தது. எண்ணிக்கை குறைந்தால் மரபணுத்தொகுதியும் சிறுத்திருக்கும் என்று நினைப்போம். நடந்தது நேர்மாறு: அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. தூரத்துச் சொந்தத்துக்குப் பப்பாளியைப் போலவே 18, பக்கத்துச் சொந்தத்துக்கு 16. ஒன்பதும் எட்டும் ஜோடி சேர வேண்டிய கலப்பினத்தில் மலட்டுத்தன்மை வர எல்லா வாய்ப்பும் உண்டு.

அப்படியானால் இந்த மரத்தால் என்ன பயன்? என் பார்வையில், நேரடிக் கலப்பை விட ஒப்பீட்டுக்கு அது முக்கியம். பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரங்கள் உண்டு. அவற்றைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோம்கள் மிக இளமையானவை என்பதால் உயிரியலாளர்கள் அவற்றை விழுந்து விழுந்து ஆராய்கிறார்கள். இருபால் மரத்தின் குரோமோசோம், காட்டு ஆண் மரத்தின் குரோமோசோமிலிருந்து ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்தான் பிரிந்தது என்று 2015-இல் கணித்தார்கள். மனிதன் பப்பாளியைப் பயிராக்கிய காலத்தோடு அது பொருந்துகிறது. இந்தக் குடும்பத்தில் மற்றவை பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. இதில் எது பழைய சொத்து, எது பப்பாளி தானாகச் சம்பாதித்தது என்று பிரிக்கக் கூடப் பிறந்தவற்றைத்தான் கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவில் இருக்கும் பெரியப்பாவைக் கேட்டுப் பயனில்லை.

அந்தக் கூடப் பிறந்தது நிற்கும் காடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவாஹாகா நகருக்கு வடக்கே சியேரா ஹுவாரெஸ் மலைத்தொடர். டுஸ்டெபெக் நோக்கிப் போகும் 175-ஆம் எண் நெடுஞ்சாலை, பைனும் ஓக்கும் நிற்கும் வறண்ட சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டியதும் ஈரச் சரிவில் இறங்குகிறது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் காற்று இந்தச் சரிவில் மோதி மேலேறி, குளிர்ந்து, மேகமாகி மரங்களுக்கிடையே நிற்கும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் இங்கே உண்டு. மழை இல்லாத நாளிலும் இலையும் பாசியும் மேகத்திலிருந்து நீரை வடித்துச் சொட்டிக்கொண்டிருக்கும். பெரணி மரங்கள், மரத்தின் மேல் மரமாக ஒட்டி வளரும் செடிகள். இதே மலையில் சினாந்த்லா பகுதியில் ஒரேயோமுன்னியா என்ற வால்நட் குடும்பத்து மரம் காடாகவே நிற்கிறது. 1977-இல் அதை விவரித்த தாவரவியலாளர்கள், டைனோசர்கள் அழிந்த பின் வந்த புதுயுகத்தின் எச்சம் அது என்றே குறித்தார்கள். பழையவை தப்பிக் கிடக்கும் மலை இது.

மெக்சிகோவின் நிலப்பரப்பில் மேகக்காடு ஒரு சதவீதம்கூட இல்லை. நாட்டின் தாவரச் சிற்றினங்களில் பத்தில் ஒரு பங்கு அதில் இருக்கிறது. காபி, மேய்ச்சல், மக்காச்சோளம் என்று வெட்டிக்கொண்டே போனதில் பெரும்பகுதி துண்டு துண்டாகிவிட்டது. ஒவாஹாகாவின் வடக்கு மலைகளில் ஓரளவு தொடர்ச்சியாக மிஞ்சியிருப்பதற்கு அங்குள்ள சினாந்தெக், ஸபோதெக் பழங்குடி ஊர்களின் பொதுநில உரிமை ஒரு காரணம். 1956-இல் இம்மலைகளின் மரங்களை வெட்ட டுஸ்டெபெக் காகித ஆலைக்கு அரசு 25 ஆண்டு உரிமம் கொடுத்தது. அது முடிந்ததும் புதுப்பிக்கக் கூடாது என்று ஊர்கள் சேர்ந்து போராடி, காட்டின் நிர்வாகத்தைத் தங்கள் கைக்குத் திருப்பின. ஆலை தேடியது பைன் மரத்தை; சுணை மரம் யார் கணக்கிலும் இல்லை. ஆனாலும் காட்டின் மேல் யாருக்குப் பேச்சுரிமை என்பது அப்போதுதான் முடிவானது.

வெட்டாமல் விட்டால் மட்டும் மேகக்காட்டுக்குப் போதாது, மேகமும் அந்த உயரத்திலேயே நிற்க வேண்டும். கடலும் காற்றும் சூடாகச் சூடாக மேகத்தின் அடித்தளம் மலையில் மேலே ஏறிப்போகிறது என்று கோஸ்டாரிகாவின் மோன்டேவெர்டே காட்டைப் பற்றி 1999-லேயே எச்சரித்திருந்தார்கள். மேலே போக இடமுள்ள செடி விதை மூலம் மெல்ல ஏறலாம். ஒரே மலைத்தொடரில் மட்டும் வாழும் செடிக்கு அந்த ஏணி குட்டையானது. ஹொரோவிட்சியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஒரு துண்டுக் காட்டில் பத்து மரங்கள் எஞ்சியிருப்பதாகக் கணக்கெடுத்தாலும், பத்தும் ஒரே பாலாக இருந்தால் விதை கிடைக்காது. பூக்காத மரத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியாது. ஆகவே இந்த மரத்தைக் காப்பதற்குக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் பூக்கும் பருவத்தில், கையுறையோடுதான் போக வேண்டியிருக்கும்.